வானவர் கீதத்தில் நான் ஏற்றிய சுருதி

பழி வாங்க ஏற்ற நாள் கிறிஸ்மஸ் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவள் என் அம்மாவை அவமானப்படுத்தியதும் ஒரு கிறிஸ்மஸ் அன்றுதானே? அதே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷம் கறுவிக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் என்றால் எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிற டீச்சர். ஈப்போவில் இருக்கும் அந்தக் கோயிலில் பதினெட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிப்பவள் நான். டீச்சர் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. குரல் நல்ல குரல், அதில் பொய் சொல்ல மாட்டேன். வாய்தான் சரியில்லை.

அம்மா பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவள். அங்கே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. மைக் கிடையாது, மணி கூடக் கிடையாது. கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து நாலு வாரமும் பூசையில் வானவர் கீதத்தைப் பாட மாட்டார்கள். இயேசு பிறந்த அன்றுதான் அது திரும்பி வரும், மணியும் முழங்க வேண்டும். மணிக்குப் பதில் பெண்கள் பால்வாளிகளைக் கொண்டுவந்து கரண்டியால் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை அம்மாவுடையது. “புள்ள பொறந்திருக்கு, அத மெதுவாவா சொல்லுவாங்க?” என்பாள். தோட்டம் வீடமைப்புத் தாமானாகி, நாங்கள் ஈப்போ கோயிலுக்கு வரத் தொடங்கிய பிறகும் முதல் பெஞ்சில் நின்று அப்படித்தான் பாடினாள். சுருதி அங்கே இங்கே போகும். யாருக்கு என்ன நஷ்டம்?

டீச்சருக்குத்தான் நஷ்டமாம். பூசையை நேரலையில் போடும் வழக்கம் கொரோனாவோடு வந்து நிலைத்துவிட்டது. அந்தக் கிறிஸ்மஸ் பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லோரும் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் அம்மாவிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, லைவ்ல ஒங்க குரல் மட்டும் தனியா கேக்குது லா. இனிமே வாய மட்டும் அசைங்க, போதும். சாமி ஏத்துக்குவாரு.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீபோர்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. வருஷம் முழுக்க அப்படியே. சாமி ஏத்துக்குவாராம். சாமி இவளிடம் வந்து சொன்னாரா?

கீபோர்டில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் ஒரு பட்டன் உண்டு. கை வழக்கமான கட்டைகளில்தான் ஓடும், சத்தம் மட்டும் மேலே போய்விடும். வானவர் கீதத்தின் முதல் அடிகளை டீச்சர் தனியாகப் பாட வேண்டும். அதன் உச்சி அவளுக்கு எட்டும், ஆனால் அதற்கு மேல் ஒரு கட்டை கூட ஏறாது. ஒத்திகைகளில் தேனொழுக வாசித்தேன். அவளும் “அக்கா இல்லன்னா நான் இல்ல லா” என்று பாராட்டினாள். பாராட்டு, பாராட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் காலைப் பூசை. கோயில் நிரம்பியிருந்தது. பட்டனை நாலு தடவை அமுக்கிவிட்டு முன்னிசையை ஆரம்பித்தேன். தொடங்கும் சைகைக்காக டீச்சர் எப்போதும்போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நோட்டையே பார்த்தபடி தலையாட்டினேன். அவள் பாடத் தொடங்கினாள். உச்சிக்குப் போனபோது குரல் கிறீச்சென்று உடைந்தது. நேரலையில், ஊரே பார்க்க. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

டீச்சர் மைக்கைக் கீழே இறக்கினாள். குழுவும் எட்டாமல் நிறுத்திக்கொண்டது. மணியும் என் கீபோர்டும் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

இயேசு பிறந்த பாட்டு பாதியில் நிற்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வாயைத் திறந்து, நான் ஏற்றி வைத்திருந்த சுருதியை நம்பி மேலே போனாள். உடைந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் உடைந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் நின்றுகொண்டிருக்க அம்மா மட்டும் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டனை அமுக்கிச் சுருதியைப் பழையபடி இறக்கினேன். டீச்சர் மைக்கை எடுத்து, மீதியை அற்புதமாகப் பாடி முடித்தாள். கோயிலே கை தட்டியது.

காரில் போகும்போது அம்மா சொன்னாள்: “டீச்சர் சொன்னது சரிதாம்மா. என் தொண்டை போயிருச்சு. நான்தான் ஒரு வருஷமா மனசுக்குள்ள அந்தப் பொண்ணத் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? நடந்ததைச் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவளுக்கு எட்டலன்னுதான் நான் சுதிய எறக்குனேன்னு நெனச்சிருக்கா.”

“பாவம். அதுவும் தொண்ட போச்சுன்னுதான நெனச்சுக்கிட்டு இருக்கும். போய்ச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன். உன்ன அவ்வளவு பேருக்கு முன்னால பேசுனவ அவ.”

“அப்ப நீ சொல்ற வரைக்கும் நானும் பாட மாட்டேன்.”

இந்த வருஷக் கிறிஸ்மஸுக்கான ஒத்திகை போன வாரம் தொடங்கியது. டீச்சர் இப்போது சுடுதண்ணீர்ப் போத்தலோடுதான் வருகிறாள். தொண்டை டாக்டரிடமும் போனாளாம். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் கீபோர்டு அருகே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: “அக்கா, வானவர் கீதத்துக்குச் சுதிய கொஞ்சம் எறக்கி வாசிங்க லா. எனக்கு முன்ன மாதிரி வரல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மண்டபமும் அந்தச் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தன.

“சரி டீச்சர்” என்று சுருதியை இறக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “சொன்னியா?”

“இல்ல.”

அவள் வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தாள். பிப்ரவரி வந்தால் அம்மாவுக்கு எண்பது வயது.