சிவப்புத் துணி கட்டிய ஆமை

அஞ்சலை அக்கா செத்துப்போய்விட்டார். "இயற்கை எய்தினார்" என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. குப்பைமேட்டுப் புகையை அத்தனை வருஷம் குடித்தவருக்கு நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்?

தெரியாதவர்களுக்கு... கடலூர்க் குப்பைமேட்டில் இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்கியவர். ரெண்டு வருஷம் முன்னால் வெளியூர் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் வந்து, குப்பையிலேயே பெரிய கடல் ஆமை செய்தாரே, அதன் ஓடு முழுக்க அக்காவும் அவர் ஆட்களும் கட்டியது. நான் வெல்டர். உள்ளே இருக்கும் கம்பிக்கூடு மட்டும் என் வேலை.

பழைய செருப்புகளை அடுக்கிக் கட்டிக்கொண்டே திட்டுவார். "தம்பி, கம்பிய நீட்டி வுட்டிருக்க பாரு, கையக் கிழிக்குது. வூட்லயும் இப்டித்தான் வேல செய்வியா?"

குப்பைமேட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூட்டையில் துணி கட்டிவிட்டால் அது கட்டியவருடையது. கிடந்து மக்கினாலும் அடுத்தவர் தொடமாட்டார். அக்காவின் துணி சிவப்பு, பழைய சேலைக் கிழிசல்.

சிதம்பரத்தில் கண்காட்சி. மண்டபத்தில் ஆமையை இறக்கியதும் அதன் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டினார். "இனிமே யாரும் தூக்கினு போவ மாட்டாங்க."

சீஃப் கெஸ்ட் வருவதற்குள் ஏற்பாட்டாளர் ஒருத்தர் கத்தரிக்கோலோடு வந்தார். "யாரு இந்தக் கந்தலைக் கட்டுனது? போட்டோல அசிங்கமா இருக்கும்." வெட்டி எறிந்தார்.

அக்கா கேட்டார். "துணிய எடுத்துட்டீங்களே சார்... அப்ப இது யார்துன்னு எப்டித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கண்காட்சி முடிந்ததும் மண்டபத்தில் கல்யாணம். ஆமையை வைக்க இடமில்லையாம். டிப்பரில் ஏற்றி வந்து அதே குப்பைமேட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். கழுத்து ஒடிந்து கிடந்தது.

அக்கா அழவில்லை. முந்தானை ஓரத்தைக் கிழித்து ஒடிந்த இடத்தில் கட்டினார். "இப்ப எவன் அவுக்குறான்னு பாக்குறேன்."

எவனும் அவிழ்க்கவில்லை. அவ்வளவு இரும்பு இருந்தும் அங்கே ஒரு கைகூட அதன்மேல் படவில்லை.

இன்று காலையிலிருந்து அந்த ஏற்பாட்டாளர்கள் ஆமைப் படத்தைப் போட்டு "எங்கள் அஞ்சலையம்மா" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்களாம்! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. அந்தப் படத்தில் ஆமையின் கழுத்து மொட்டையாக இருக்கிறது.

மதியம் அக்காவைத் தூக்கினோம். பாடை மூங்கிலில் அவர் ஆட்கள் ஒரு சிவப்புத் துணியை முடிந்திருந்தார்கள்.

போய்ட்டு வாங்கக்கா. யாரும் அவுக்கல... கடைசி வரைக்கும் நான் பாத்துக்கிட்டே வந்தேன்.