நாய் அழ வேண்டும்

வீடியோ கேமில் வரும் மிருகங்களை நடக்க வைப்பதுதான் ஒன்பது வருடமாக அவள் வேலை. அதனால் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் நாய்க்காரி. அவள் சேர்ந்தபோது முப்பது பேர். இப்போது நானூறு பேர். அப்போதெல்லாம் ஒரு நாய் சரியாக வாலாட்டினால் பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்து பார்ப்பான். இப்போது நாயை யார் பார்க்கிறார்கள்? விளையாடுகிறவர் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்பதே பேச்சு. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

இந்த விளையாட்டின் நாய்க்காக எட்டு மாதம் மெனக்கெட்டிருந்தாள். ஆட்டத்தை நிறுத்தினால் அது ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை வாலுக்கடியில் செருகித் தூங்கிவிடும். புது மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"நாய் தூங்கினா ஆளும் போயிடுவான். அது அழணும், பின்னாடியே ஓடி வரணும். சோதனைக்கு விட்டுப் பாப்போம். நல்லா வந்தா அதுதான் விற்பனைக்குப் போகும்."

முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். பிடிக்காத வேலையையும் உருப்படியாகச் செய்து தொலைக்கிற புத்தி. காதை மடக்கி, முன்காலைத் தூக்கி அது அழுதபோது அவளே கையை நீட்டித் திரையைத் தடவப் போனாள். அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போவாள், குடிக்காமலே திரும்புவாள்.

சோதனைக்கு ஊழியர்களின் வீட்டாட்களையும் கேட்டார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் அப்பாவின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வெளியே போய்த் திரும்பியபோது அப்பா சோதனை விளையாட்டோடு டிவி முன்னாலேயே இருந்தார். மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. சர்க்கரை மாத்திரையும் அப்படியே இருந்தது.

"என்னப்பா இது, சாப்பிடலையா?"

"எந்திரிச்சா அழுவுதும்மா. வாயில்லா ஜீவன், எப்படி விட்டுட்டுப் போறது?"

அவளுக்குப் பகீரென்றது. அதை அழவைத்தது நான்தான் என்று சொல்லாமல் சோற்றைச் சூடாக்கப் போனாள்.

மறுநாள் கூட்டத்தில், சோதனையில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று திரை நிறையக் கோடுகள். ஒன்று மட்டும் மற்றவற்றின் தலைக்குமேல் ஏறி நின்றது. பெயர் இல்லை, எண் மட்டும்: நாற்பத்தொன்று. அப்பாவுக்காக அவளே நிரப்பிய படிவத்தின் எண்.

"அஞ்சு மணி நேரம், ஒரே மூச்சுல!" என்றார் மேனேஜர். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரனும் தட்டினான்.

அவள் எழுந்தாள். "சார், அது எங்கப்பா."

"அட, பெரியவங்களுக்கும் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சு உக்காரல சார். எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தாரு. சாப்பிடாம, மாத்திரை போடாம." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று தொடர்ந்தாள். "இந்த அழுற நாயை நான் தர மாட்டேன். வேணும்னா வேற ஆளை வச்சுப் பண்ணிக்குங்க."

"வேற ஆள் எதுக்கும்மா?" என்றார் மேனேஜர், ரொம்ப மரியாதையாக. "அதைத்தான் நீங்க முடிச்சுக் குடுத்துட்டீங்களே."