கால் நனையாமல் படியேறக் கூடாது

"உங்க மாமனாரு ஆயுசு பூரா கடலுக்குப் போனாரு. ஒரு நாளும் டிக்கெட் எடுத்ததில்ல" என்றார் அத்தை.

என் கணவரின் அம்மாவுக்கு உல்லாசக் கப்பல் என்றால் என்னவென்று விளக்கிச் சொன்ன பிறகு கிடைத்த பதில் இது. கப்பலில் நீச்சல் குளம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஆய்ந்துகொண்டிருந்த இறாலைக் கீழே வைத்தார்.

"சுத்தி கடலு கெடக்கு. நடுவுல எதுக்குடி குளம்?"

நான் காரைக்கால் தலத்தெருவில் அரசு ஊழியரின் மகளாக வளர்ந்தவள். அங்கே கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை, சுண்டல், பேருந்தில் திரும்பி வருவது. கல்யாணமாகி வந்த வீட்டில் கடல் என்றால் வேலைக்குப் போகும் இடம். வேலைக்குப் போகும் இடத்துக்குக் குடும்பத்தோடு பெட்டி கட்டிக்கொண்டு போய், மூன்று நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதை அத்தையிடம் எப்படி நியாயப்படுத்துவது?

உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவும் முடியாது. காரணம் என் மகள். அவளுக்கு மூன்றரை வயது. அவளுடைய அப்பா வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவள் பிறந்ததிலிருந்து அவரைக் கைப்பேசித் திரையில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். இந்த முறை ஒரு மாத விடுப்பில் வந்திறங்கியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று மாலை, வழக்கமாக அவர் அழைக்கும் நேரத்தில், என் கைப்பேசியை எடுத்து வந்து நீட்டினாள்.

"அம்மா, அப்பாவுக்குப் போடு."

"அப்பா அந்தா உக்காந்திருக்காங்களே, கண்ணு."

"அவங்க இல்ல. போன் அப்பா."

என் கணவர் சிரித்தார். பிறகு எழுந்து பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து அழைத்தார். மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அவரிடம் கதை பேசினாள். பேசி முடித்து அவர் வெளியே வந்ததும் மறுபடியும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஒரு மாதம் இருக்கிறதே, பழகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏசி மெக்கானிக்கின் விடுப்பு எப்படிக் கழியும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. சித்தப்பா வீட்டில் ஏசி தண்ணீர் ஒழுகியது. அத்தையின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் ஏசி ஓடியது, குளிரவில்லை. விழிதியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் இவரை மாடிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஸ்குரூ டிரைவரோடு போகிறவர், மகள் தூங்கிய பிறகு தலையில் தூசியோடு திரும்பினார். பாதி விடுப்பு இப்படியே போனது.

அப்போதுதான் கப்பல் விளம்பரம் என் கண்ணில் பட்டது. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணம், மூன்று இரவுகள். என்னை இழுத்தது நீச்சல் குளமோ ஆட்டம் பாட்டமோ இல்லை. கீழே பொடி எழுத்தில் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஒரு வரி: நடுக்கடலில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. உலகத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு டிக்கெட் எடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உறவினர்கள் ஏற முடியாத இடம், ஏசியைக் கப்பல்காரர்களே பார்த்துக்கொள்ளும் இடம், போன் அப்பா வேலை செய்யாத இடம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு அப்பாதான்.

இருந்தாலும் சென்னையா, பக்கத்துத் துறைமுகமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சென்னையிலிருந்து புறப்படுவது பெரிய கப்பல். ஆனால் அதற்கு இரவுப் பேருந்தில் போக வேண்டும், கடலூர் தாண்டுவதற்குள் மகள் வாந்தி எடுப்பாள், சென்னையில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் கப்பல் ஏறினால் அது ஜென்மப் பகையாகிவிடும். பக்கத்துத் துறைமுகம் என்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம் டாக்டர் பக்கத்தில். எதையாவது மறந்தால் ஓடி வந்து எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிக் கடையின் ஒரு மூலையில் டிராவல்ஸ் நடத்தும் தம்பியும் அதைத்தான் சொன்னார்.

"மேடம், உங்க வீட்டு வாசல்லேர்ந்து கப்பல் ஏறுற மாதிரி. இதவிட வசதி எங்கயுமே கெடையாது."

பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, அவ்வளவு வசதியாக இருந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டுமே என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். அதனால் பொருட்படுத்தவில்லை.

கோளாறு புறப்படும் நாளன்று காலையில் வாசலில் வேனாக வந்து நின்றது. சென்னைக்கு வழியனுப்ப யாரும் வர மாட்டார்கள். முக்கால் மணி நேரப் பயணம் என்றால் எல்லோரும் வருவார்கள். நாத்தனார் குடும்பம், சித்தப்பா குடும்பம், ஏசி ஒழுகுவது நின்ற நன்றியில் இன்னும் சிலர். அத்தை புளிசாதம், தயிர்சாதம், ஒரு தூக்கு நிறைய வஞ்சிரம் வறுவல் எல்லாம் கட்டியிருந்தார்.

"கப்பல்லயே மூணு வேளையும் சாப்பாடு உண்டு அத்தை."

"எவன் சமைச்சதோ, என்ன மீனோ. கடல்ல போயி கெட்டுப்போன மீனத் தின்னுட்டு வருவியளா?"

பிறகு வாசலில் எங்கள் மூவரையும் கிழக்கு பார்த்து நிறுத்திச் சூடம் ஏற்றினார். மாமனார் இருந்தவரை அவர் முதல்முறையாக ஒரு படகில் ஏறும்போதெல்லாம் இப்படிச் செய்வாராம். அதோடு அந்த வீட்டு வழக்கம் ஒன்றையும் நினைவூட்டினார். கடலுக்கென்று சூடம் ஏற்றிக் கிளம்பியவர்கள், கடல் தண்ணீர் காலில் படாமல் திரும்பி வந்து வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் பணிவாகத் தலையாட்டினேன். கடலுக்குப் போகிறவர்கள் காலில் கடல் படாமல் எப்படித் திரும்புவார்கள்?

தமிழ்நாட்டு எல்லையில் சோதனைச் சாவடிக் காவலர் வேனை நிறுத்தினார். காரைக்காலிலிருந்து இத்தனை பேர் இவ்வளவு சந்தோஷமாக வெளியே போனால் பாட்டில் இல்லாமல் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. எங்கள் பெட்டிகளை விட்டுவிட்டுத் தூக்கைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் வேன் முழுவதும் வாசம்.

"ரெண்டு துண்டு எடுத்துக்குங்க சார். புள்ளைங்க கப்பல்ல போவுது" என்றார் அத்தை. அவர் வேண்டாம் என்று சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

துறைமுக வாயிலில் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றார்கள். அத்தை அதற்காகச் சண்டை போடவில்லை. வேன் நிழலில் துண்டை விரித்து, வந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பரிமாறினார். எங்களை வழியனுப்ப வந்தவர்கள் வஞ்சிரத்தைக் கடித்தபடியே கையசைத்தார்கள். நாங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

உள்ளே எல்லாம் பிரமாதமாக இருந்தது. குளிரூட்டிய கூடம், வரவேற்பு பானம், நங்கூரம் போட்ட தொப்பி அணிந்த பெண்கள், படம் எடுத்துக்கொள்ள அட்டையில் வெட்டிய ஒரு கப்பல். நிஜக் கப்பலைத்தான் காணோம். அது முந்தைய ஊரிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லையாம். பிற்பகல் வரை "சற்று நேரத்தில்" என்றார்கள். மகள் என் மடியில் உட்கார்ந்து, மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, அதனால் அவரே தள்ளிப் போய்விட்டார். எதிரே இருந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர் என்னிடம் குனிந்து, "உங்களுக்குள்ள ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

நான்கு மணி வாக்கில் தொப்பிப் பெண் ஒலிபெருக்கியில் சொன்னார். கப்பல் நாளைதான் வரும். வெளியூர்ப் பயணிகளுக்கு விடுதியில் அறை, இரவு உணவு எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது. நாங்களும் வரிசையில் நின்றோம். அவர் எங்கள் முகவரியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"காரைக்காலா? உங்களுக்குக் கவலையே இல்ல மேடம். பக்கத்துலதானே, வீட்டுக்கே போயிட்டு நாளைக்கு வந்துடுங்க."

கோயம்புத்தூர்க் குடும்பம் சொகுசுப் பேருந்தில் ஏறி விடுதிக்குப் போனது. வசதியான துறைமுகத்தின் வசதி முழுவதும் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் என்பது எனக்கு அப்போது புரிந்தது. நாங்கள் ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். வழியில் என் கணவர் அம்மாவை அழைத்து விஷயத்தைச் சொன்னார். அத்தையின் குரல் கார் ஓட்டுநருக்கே கேட்டது.

"கால்ல கடலு பட்டுச்சா?"

"கப்பலே வரலம்மா. ஆனா துறைமுகத்துலதான நாள் பூரா உக்காந்திருந்தோம்."

"அது ஏசி ரூமு. கடலா அது? படியேறாத. போயி நனைச்சிட்டு வா."

எம்.எஸ்சி. படித்தவள் என்ற முறையில் இதை எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு மறுபடி கிளம்ப வேண்டுமே, குழந்தை வேறு கூட வருகிறதே, எதற்கு வம்பு என்று தோன்றியது. நானே ஓட்டுநரிடம் கடற்கரைக்கு விடச் சொன்னேன்.

மாலை நேரம், நல்ல கூட்டம். சக்கரம் வைத்த பெட்டி மணலில் உருளாது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். இழுத்துப் பார்க்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த, என் கணவரோடு படித்தவர் ஒருவர், எங்களைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"என்ன மாப்ள, கப்பலு இங்கயே வருதா?"

"ஆமாடா, உன்னத்தான் மாலுமியாப் போட்டிருக்கு" என்றார் இவர், பெட்டியைத் தோளில் தூக்கியபடி.

நானும் அவரும் செருப்பைக் கழற்றிக் காலை நனைத்துக்கொண்டோம். மகள் வர மறுத்தாள். அலை வந்து திரும்பும் சத்தத்துக்கே பயந்து என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வற்புறுத்தினால் பயம் நிரந்தரமாகிவிடுமோ என்று பயந்தேன். வற்புறுத்தாவிட்டால் படியேற முடியாதே என்றும் பயந்தேன். இவர் யோசித்துவிட்டு, தண்ணீருக்குள் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்று, அங்கிருந்து என் கைப்பேசிக்கு அழைத்தார். மகள் அழுகையை நிறுத்தித் திரையைப் பார்த்தாள்.

"அப்பா, நீ எங்க இருக்க?"

"கடல்ல இருக்கேன்டா தங்கம். அம்மாவோட வா. ஜில்லுன்னு இருக்கு."

"எந்தக் கடல்ல?"

"இந்தக் கடல்தான். நிமுந்து பாரு."

அவள் நிமிரவில்லை. திரையில் இருக்கும் கடல் வேறு, எதிரே இருக்கும் கடல் வேறு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இவர் திரும்பி நின்று, தன் பின்னால் வரும் அலையைக் காட்டுவதற்காகக் கைப்பேசியை உயர்த்தினார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் செய்யக் கூடாத காரியம், பக்கவாட்டில் வந்த இன்னொரு அலையைக் கவனிக்கவில்லை. அது அவரை உட்கார வைத்துவிட்டுப் போனது. திரை கறுப்பானது.

"அப்பா?" என்றாள் மகள் கறுப்புத் திரையிடம். என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

எதிரே ஒரு மனிதர் சட்டையெல்லாம் நனைந்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார். அலை பின்வாங்கியது. ஈர மணலில் ஏதோ பளபளத்தது. அவர் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா! அங்க இல்ல! இந்தப் பக்கம்! காலுகிட்ட!"

என் சுடிதாரை விட்டுவிட்டு ஓடினாள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் விழுந்து, எழுந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்க இருக்கு பாருப்பா, இங்க!" அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. அவளை எடுத்தார். அடுத்த அலையில் அந்தக் கைப்பேசி இன்னும் சற்று உள்ளே போனது. நான்தான் கத்தினேன். அவர்கள் இருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் மாலுமி நண்பர் இறங்கி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அத்தை எங்கள் மூவரின் காலையும் குனிந்து பார்த்தார். மகளுடைய காதில் கூட மணல் இருந்தது. திருப்தியாக வழிவிட்டார். கைப்பேசி அரிசிப் பானைக்குள் போனது.

மறுநாள் காலை கப்பல் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இந்த முறை வேன் வரவில்லை. இரண்டாம் முறை வழியனுப்ப யாருக்கும் நேரமில்லை, கட்டுவதற்கு மீனும் இல்லை. அத்தை சூடம் மட்டும் ஏற்றினார். நாங்கள் மூன்று பேராகப் பேருந்தில் போய்க் கப்பல் ஏறினோம்.

விளம்பரத்தின் பொடி எழுத்து பொய் என்பது ஏறிய அன்றே தெரிந்தது. கப்பல் கரையைவிட்டு அதிகம் விலகவே இல்லை. கைப்பேசித் தொடர்பு வீட்டில் இருப்பதைவிட நன்றாகக் கிடைத்தது. மீனவர் வீட்டில் பிறந்த என் கணவர் முதல் மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தார். அவர் ஏன் கடலுக்குப் போகாமல் ஏசி பழுதுபார்க்கப் போனார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அவளுக்காகக் கொண்டு வந்திருந்த வாந்திப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவரைப் பார்த்தும் பயமாக இருந்தது, கம்பிக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தும் பயமாக இருந்தது. சென்னைக் கப்பலாக இருந்தால் இவ்வளவு ஆடியிருக்காதோ என்றும் ஒரு பக்கம் யோசனை ஓடியது.

அப்போது என் கைப்பேசி அடித்தது. மகள் எடுத்தாள். அத்தையின் குரல், நாத்தனார் வீட்டு ஏசி ஏதோ சத்தம் போடுகிறதென்று சொல்லி, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது.

"அப்பா போன்ல இல்ல, அப்பாயி" என்றாள் மகள். "இங்க இருக்காங்க."

வைத்துவிட்டு அடுத்த பையைப் பிரித்தாள்.