தாய்மாமன் மடி

என் மச்சான் ரத்தினத்துக்கு ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட வராது. என் மகள் பிரியாவுக்குக் காது குத்த ஆவணியில் நாள் குறித்தோம். மறைமலை நகர் கம்பெனியில் ஓவர்டைம் என்றான். தையில் குறித்தோம், முதுகுவலி என்றான். எங்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்தியதில்லை. அவனோ குழந்தையைத் தூக்குவதையே விட்டிருந்தான்.

என் மனைவி காமுவுக்கு இது பொறுக்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்ணனின் கல்லீரல் கெட்டுப்போனபோது, தன் கல்லீரலில் பாதியை அறுத்துக் கொடுத்தவள் அவள். என் பிள்ளைக்கு மடி கொடுக்க அவனுக்குக் கசக்கிறதா என்று பொருமினாள். எனக்கும் கோபம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்தில் அவன் வீட்டுக்கே போனோம். பிரியா ஓடிப்போய் அவன்மேல் பாய்ந்தாள். அவன் அலறிக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டான். சண்டைக்குப் போன காமு, அவன் சுருண்டு உட்கார்ந்ததைப் பார்த்துச் சட்டையை விலக்கினாள். உள்ளே இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தான். அதைக் கழற்றியதும், ஆபரேஷன் தழும்பின் ஓரத்தில் தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குடல் பிதுங்கி நின்றது. டாக்டரிடமும் மறைத்திருக்கிறான், பாவி.

"மறுபடியும் வயித்தக் கிழிப்பாங்க காமு. நீ குடுத்ததுக்கு இன்னாவாச்சும் ஆயிட்டா?"

"குடுத்தது உனுக்குண்ணா. எனுக்காகப் பத்திரமா வெச்சிக்கினு இருக்கவா குடுத்தேன்?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பழைய தழும்பைத் திறக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடியே உள்ளே வலை வைத்து அடைத்துவிடலாமாம். வந்த கல்லீரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவன் சாப்பிடும் மாத்திரைகளால் புண் ஆறத் தாமதமாகும். அதனால் காயம் சின்னதாக இருப்பதே அவனுக்கு நல்லது என்றார். இதற்கா இத்தனை நாள் வலியைத் தின்றாய் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூக்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரை காத்திருந்து, அடுத்த தையில் குன்றத்தூர் மலைக்குப் போனோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் ரத்தினத்தின் மடியிலிருந்த பிரியா வீறிட்டாள். அவன் வயிற்றிலேயே மாறி மாறி உதைத்தாள். காமு பதறிப்போய்க் காலைப் பிடிக்கக் குனிந்தாள்.

"வுடு காமு. நல்லா உதைக்கட்டும்."

இரண்டு காதும் குத்தி முடிந்தது. பிரியா அழுகையை நிறுத்திய பிறகும் காமு நிறுத்தவில்லை.