பொட்டலத்துக்குள் ஒரு கரித்துண்டு

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பண்டம் வெளியே போனாலும் அதன்மேல் ஓர் அடுப்புக்கரித் துண்டு இருக்கும். உச்சிப்பொழுதில் எண்ணெய் வாடையோடு சாப்பாடு போனால் பின்னாலேயே ஏதாவது ஒன்று வரும், கரி இருந்தால் அது கிட்டே அண்டாது என்பது என் மனைவியின் நம்பிக்கை. காஸ் அடுப்பு வந்த பிறகும் இதற்கென்றே ஒரு பால் பவுடர் டப்பாவில் கரி சேர்த்து வைத்திருந்தாள். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன். கரிக்குப் பயப்படுகிற பேய் காட்டுத்தீ வந்தால் என்ன செய்யும் என்று கேட்டு அவள் வாயைக் கிளறுவேன். அவள் அடுத்த தடவை கரியை இன்னும் கொஞ்சம் பெரிய துண்டாக வைப்பாள்.

தொண்ணூறுகளில் ஒவ்வொரு தை மாதமும் செடி சேகரிக்க மலைக்குப் போவேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணையைப் படகில் கடந்து அரை நாள் ஏறினால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பத்து நாள் தங்கல். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் வருவார். வழிகாட்ட அந்த மலைவாசிகளான காணிக்காரர் ஒருவரும் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது நண்பரின் பொறுப்பு. பிளாஸ்டிக் கவரில் சோற்றை வைத்து, வாயைச் சுருட்டிப் பிடித்து, பப்பாளிக் காம்பைச் செருகி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுப்பார். கன்னம் ஒட்டிப்போகும், கண் பிதுங்கும். ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, "இனி ஒரு வாரமானாலும் அசையாது வே" என்பார். அந்த உறிஞ்சுகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஒரு வருடம் என் மனைவி தேங்காய்ச் சாதம் கொடுத்தனுப்பினாள். படகு நடு அணையில் போகும்போது நல்ல உச்சிவெயில். பையைத் திறந்து கரித்துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். வேடிக்கைக்குத்தான். நண்பரின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏன் வே போட்டீரு? அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது."

மறுநாள் மதியம் அவர் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டார். எனக்கு வயிறு மந்தமாக இருந்ததால் வெறும் அவலை நனைத்துத் தின்றேன். பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியும் அவரைப் பிடித்துக்கொண்டன, விடிய விடிய விடவில்லை. காலையில் நானும் வழிகாட்டியும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாறை. அதற்குமேல் நகர்த்த முடியாமல் அதில் சாய்த்து உட்காரவைத்தோம். பாதி மூடிய கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நிமிடத்தில் அவர் பார்ப்பது நின்றுபோனது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊசிப்போன சாப்பாடு என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கரி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன். வேறு காரணம் இல்லை. அவளும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. எனக்குப் பரிமாறிவிட்டு, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை என் முகத்தையே பார்ப்பாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். நான் கை கழுவிவிட்டு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பார்வை என்மேல் இருக்கும். பொய் தெரிந்துதான் பார்க்கிறாளோ என்று நான் தட்டை விட்டுத் தலை நிமிரமாட்டேன். தேங்காய்ச் சாதம் அதன்பின் எங்கள் வீட்டில் செய்யவேயில்லை.

அடுத்த தை வந்தது. ஆராய்ச்சி பாதியில் நின்றதால் போகாமல் இருக்க முடியாது. இந்தத் தடவை சாப்பாடு கெடவே கூடாது என்று முடிவுசெய்து, கவரைக் காற்றுப் புகாமல் ஒட்டுகிற மெஷின் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனேன். பிளாஸ்டிக் கவர் விற்கிற கடையில் அண்ணாச்சி மூன்று வழி காட்டினார். முதலாவது, மெஷினே இல்லை. கவரின் வாயை ஒரு ரம்பத் தகட்டில் மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி இழுப்பது. வீட்டில் மிக்சர் போட்டு விற்கிறவர்கள் அப்படித்தான் ஒட்டுகிறார்களாம். நான் அமுக்கிப் பார்த்தேன், ஓர் ஓரத்தில் புஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டாவது, கையால் அழுத்துகிற சீலிங் மெஷின். ஒட்டு உறுதிதான், தண்ணீரில் முக்கிப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற காற்று உள்ளேயே இருந்தது.

மூன்றாவதை அண்ணாச்சி உள்ளேயிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் மருமகன் கொண்டுவந்த வேக்குவம் மெஷின். ஒரு பிடி பொரிகடலையைக் கவரில் போட்டு வாயைச் செருகினார். மெஷின் இரைந்தது. கவர் தானாகச் சுருங்கி, ஒவ்வொரு கடலையும் தனித்தனியாகத் தெரிகிறாற்போல் இறுகிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன், கல்.

"காத்துதான் சார் எல்லாக் கேட்டுக்கும் காரணம். அதை எடுத்துட்டா ஒண்ணும் கெடாது. வாடைகூட வெளிய வராது. கரடி மோந்து பார்த்தாலும் கல்லுன்னு நெனைச்சுப் போயிரும்."

"வாடையே வரலைன்னா, கெட்டுப்போனது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் என் மனைவி.

அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். கடையில் நின்று இப்படிக் கேட்கிறாளே என்று எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. மூன்றாவதையே வாங்கினேன்.

புளியோதரை, சப்பாத்தி, ஐந்து பொட்டலம் உருளைக்கிழங்குக் கறி. அவள் கவரில் நிரப்பிக் கொடுத்தாள், நான் ஒட்டினேன். "இனிமே கரிக்கு வேலையில்லை, பாத்தியா" என்றேன். "ம்" என்றாள்.

கொட்டகையில் இந்தத் தடவை நானும் வழிகாட்டியும் மட்டும்தான். அவர் என் பொட்டலத்தைத் தொடவேயில்லை. "காத்து இல்லாத சோத்தைத் தின்னா நமக்கு மூச்சு முட்டும் சார்" என்று கப்பக்கிழங்கைச் சுட்டுத் தின்றார். நல்லதாயிற்று, எனக்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் புளியோதரையும் சப்பாத்தியும் ஓடின. உருளைக்கிழங்குப் பொட்டலங்களை எலிக்குப் பயந்து விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் பார்த்தபோது அவை தளர்ந்திருந்தன. நான்காம் நாள் உப்பிவிட்டன. காற்றே இல்லாமல் ஒட்டிய பொட்டலங்கள், திறக்க ஆளில்லாத கொட்டகையில், தானாக நிறைந்திருந்தன. வெளியே ஓர் இலை அசையவில்லை. பொட்டலங்கள் மட்டும் கயிற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. மலைமேல் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் கவர் உப்புகிறது என்று வழிகாட்டிக்குப் பாடம் நடத்தினேன்.

"அப்போ ஏறி வந்த அன்னைக்கே உப்பியிருக்கணுமே சார்?"

அவர் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பைய, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"அந்த சார் உறிஞ்சுன காத்தையெல்லாம் இப்ப திருப்பி ஊதுதாரு போல."

சும்மா இரும் என்று அதட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஐந்தில் ஒன்று மட்டும் உப்பாமல் தொய்ந்து கிடந்தது. அதுதான் நல்ல பொட்டலம் என்று முதலில் அதைப் பிரித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டேன், அப்படியொரு நாற்றம். கிழங்கு நூல் விட்டிருந்தது. கிளறிப் பார்த்தால் நடுவில் ஒரு கரித்துண்டு. மெஷின் காற்றை இழுத்துக் கவரை இறுக்கியபோது கரியின் கூர் குத்தி, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவளை வாய்விட்டுத் திட்டினேன். கரிக்கு வேலையில்லை என்று சொல்லியும் கறிக்குள் ஒளித்து வைத்து ஒரு பொட்டலத்தைப் பாழாக்கிவிட்டாளே என்று ஆத்திரம்.

பிறகு உப்பிய பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். ஸ்ஸ்ஸென்று வெதுவெதுப்பான காற்று என் முகத்தில் பட்டது. யாரோ கிட்டே வந்து மூச்சு விட்டது போலவே இருந்தது. நாற்றம் இல்லை. சீரகமும் எண்ணெயும் சேர்ந்த வாடை, இப்போதுதான் இறக்கிவைத்த கறி மாதிரி. எனக்கு நல்ல பசி. ஒரு பிடி எடுத்து வாயருகே கொண்டுபோனேன். விரலில் ஒட்டியிருந்த கரி கிழங்கில் கறுப்பாகத் தீற்றியிருந்தது.

ஒரே சட்டி, ஒரே கரண்டி, ஒரே நாள். ஓட்டை விழுந்த பொட்டலம் நாறிக் காட்டிக்கொடுத்துவிட்டது. இது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? கடையில் அவள் கேட்டது அதைத்தானே? இன்னொன்றும் உண்டு, அதை நான் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. தலைக்கு மேலே கயிற்றுப் பக்கமிருந்து பப்பாளிக் காம்பில் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் மூச்சாகவே இருக்கலாம். கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். மறுநாள் குரங்குகள் கிளறியிருந்தன. அதற்கு மறுநாள் உச்சிப்பொழுதில் செடி தேடிக்கொண்டு அந்தப் பாறைப் பக்கம் போனேன். பாறையில் சாய்ந்தபடி ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போயும் ஓடவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. வாயோரத்தில் மஞ்சளாகக் கிழங்கு. பாதி மூடிய கண் மட்டும் என்னோடு கூடவே நகர்ந்தது. வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்தக் கண் நகரவில்லை. காற்றில்லாத இடத்தில்தான் பெருகுகிற கிருமிகள் உண்டு, அவை வாடையே காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"என்ன, பாதியிலேயே வந்துட்டிய?" என்றாள் மனைவி. நான் பையிலிருந்து கரித்துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஒண்ணுலதான் வச்சேன். எல்லாத்துலயும் வச்சா பாத்துருவியன்னு பயம். அது கெட்டுப்போச்சா?"

"அது கெட்டதாலதான் நான் வந்திருக்கேன்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கரியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கரி உங்களைக் காப்பாத்திருக்கு. போன வருசக் கரி ஏன் அவரைக் காப்பாத்தலை? அதுவும் இந்த டப்பாக் கரிதான?"

இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"போன வருசம் கரி இல்லை. படகுல போகும்போது நாந்தான் தண்ணியில போட்டேன்."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள்.

"கரி இருந்தும் ஒரு ஆளு போயிட்டாருன்னா, என் கையிலதான் ஏதோ இருக்குன்னு நெனைச்சேன். ஒரு வருசமா இந்தக் கையாலதான உங்களுக்குச் சோறு போடுதேன். நீங்க சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று மதியம் சோறும் குழம்பும் மேசைமேல் மூடி வைத்திருந்தது. அடுக்களை நிலையில் யாரும் நிற்கவில்லை. நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.