டாலரைப் படம் எடுத்த நாள்

கறுப்பு லாப்ரடார் நாய் ஒன்றின் கழுத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு அங்கவஸ்திரம். அதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த, மோதிரங்கள் நெருங்கிய இரண்டு கைகள். அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் கைகள்தான். நாயின் காதுகள் பின்னால் ஒட்டிப் போயிருந்ததும், அது திரும்பத் திரும்ப உதட்டை நக்கிக்கொண்டதும், என் மகள் தரையில் உட்கார்ந்தபடி "பெரிநைனா, வேணாம், அவனுக்குப் புடிக்கல" என்று சொன்னதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்தக் கைகளுக்கு அவசரமே இல்லை. யாரும் குறுக்கே வர மாட்டார்கள் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கைகளுக்கு உரியவர் என் கணவரின் அண்ணன். எனக்கு மூத்தார், என் மகளுக்குப் பெரிநைனா. நகரியில் விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன அன்றே மாமியார் இதைச் சொல்லிவிட்டார். அறிவியல் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நானும் அப்படியேதான் இருந்தேன். அவர் கூடத்துக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவருக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்: "காபி இருந்தா குடுக்கச் சொல்லு." சுவர் எனக்குச் சொல்லும். என் மகள் பேசத் தொடங்கியதும் சுவரின் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். "அம்மா, பெரிநைனா கேக்கறாரு, நீ எப்போ ஸ்கூலுக்குப் போறியாம்?" "பெரிநைனா, அம்மா சொல்றாங்க, திங்கக்கெழமையாம்." இரண்டு அடி தூரத்தில் நிற்கும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் அந்தக் குழந்தை ஓடி ஓடிப் பேச்சைச் சுமந்தது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என் கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த பிறகு நாங்கள் திருப்பதிக்கு வந்துவிட்டோம். அலிபிரி போகும் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. அதன் முன்னறைதான், இப்போது வளர்ந்துவிட்ட என் மகளின் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை, சுவரில் ஆணியடித்துத் தரைவரை தொங்கவிட்ட சாம்பல் நிறத் துணி. அவள் மனிதர்களைப் படம் எடுப்பதில்லை. நாய்களை மட்டும்தான். கல்லூரி விடுதிப் பிள்ளைகள் எடுத்து வளர்க்கும் தெருநாய், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் மடியிலிருந்து இறக்காத பொமரேனியன், எதிர்வீட்டு ஒற்றைக்கண் நாய் என்று எல்லாம் அந்தத் துணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. வந்த உடனே கேமராவைத் தூக்க மாட்டாள். தரையில் வைத்துவிடுவாள். நாய் வந்து மோந்து பார்க்கட்டும், அறையை ஒரு சுற்றுச் சுற்றட்டும் என்று விட்டுவிடுவாள். நாய் தானாக வந்து துணிமேல் படுக்கும் வரை அவளும் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபிளாஷ் கிடையாது. ஒரு டப்பாவில் வேகவைத்த ஈரல் துண்டுகள் இருக்கும். வீடு முழுக்க அந்த வாசனை, நாய் முடி. நான் திட்டிக்கொண்டே பெருக்குவேன். ஆனால் படங்களைப் பார்த்தால் வாய் மூடிவிடும். அந்த நாய்கள் யாரையோ நினைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

வருகிறவர்களிடம் அவள் ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட கார்டைப் படம் எடுத்து முன்னாலேயே அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களை வரச் சொல்ல மாட்டாள்.

மூத்தார் ஒவ்வொரு வருஷமும் வியாபாரிகளுக்குக் காலண்டர் கொடுப்பார். எப்போதும் சாமி படம்தான் இருக்கும். இந்த முறை நாற்காலியில் தானும் பக்கத்தில் டாலரும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். டாலர் என்பது நாயின் பெயர். வெளிநாட்டுக்குச் சரக்கு போகாவிட்டாலும் வீட்டில் டாலர் இருக்கட்டும் என்று அவர் சொன்ன நகைச்சுவையை எங்கள் சொந்தத்தில் கேட்காதவர்கள் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தம்பிக்குப் போன் செய்தார். நான் என் கணவரிடம் கார்டைக் கேட்கச் சொன்னேன்.

"அண்ணன்கிட்டயா? கார்டு கேக்கறதா? என்னா பேசற நீ?"

"எல்லாருகிட்டயும் கேக்கறாள்ல. நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்."

"நீ எப்டி கேப்ப?" என்று சிரித்தார். அது நியாயமான கேள்விதான். நான் எப்படிக் கேட்பேன்? கடைசியில் மகள்தான் கேட்டாள். போனில் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. "போட்டாச்சுமா, போட்டாச்சு. ஒம் பெரிநைனா மேலயே சந்தேகமா? கார்டு தறிக்கூடத்துல கீது, அப்புறமா அனுப்பறேன்." அது வரவில்லை. அவர் வந்தார்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர் டிபன் சாப்பிட உள்ளே போன நேரத்தில் என் மகள் டாலரோடு தரையில் கிடந்தாள். கறுப்பு நாயைப் படம் எடுப்பது கஷ்டம், வெளிச்சம் சரியாக விழாவிட்டால் படத்தில் ஓட்டை விழுந்தது போல இருக்கும் என்பாள். ஜன்னல் திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, அதன் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தாள். டாலர் வெளியே ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பியது. அப்போது எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மூக்கின் ஈரம், தாடையில் நரைக்கத் தொடங்கிய முடி, எல்லாம் தெரியும்.

பிறகு அவர் கைகழுவிக்கொண்டு வந்தார். நாற்காலி வந்தது. நெற்றிக்குக் குங்குமம் வந்தது, நாயின் நெற்றிக்கும்தான். விசைத்தறிச் சங்க விழாவில் தனக்குப் போர்த்திய அங்கவஸ்திரத்தைப் பையிலிருந்து எடுத்து அதன் கழுத்தில் கட்டினார். நாய் உடலைக் குறுக்கியது. மகள் சொன்னாள்: "பெரிநைனா, கொஞ்ச நேரம் வுடுங்க. அவனே வருவான்."

"நாய்க்கு என்னாமா புடிக்கறது, புடிக்காதது? நான் சொன்னா நிக்கும். நீ எடு."

முன்னங்கால்களைத் தூக்கி நாற்காலிக் கைப்பிடிமேல் வைத்தார். அது இறங்கியது. மறுபடி வைத்தார். உறுமியது. மூக்கின் மேல் ஓங்கி ஒன்று வைத்தார். முடிச்சு இறுகிக் கழுத்தைப் பிடிப்பதைப் பார்த்து, அதைத் தளர்த்த என் மகள் கையை நீட்டினாள். அடித்த கை பின்னால் போய்விட்டது. நீட்டிய கைதான் வாய்க்கு எட்டியது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கடி.

குழாயடியில் சோப்புப் போட்டு அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் தெரியுமா? என் கணவரைப் பார்த்து. "ஊசி போட்டிருக்கான்னு கேளுங்க!" அவர் திரும்பி, "அண்ணா, ஊசி..." என்றார். மூத்தார் என் கணவரிடம், "போட்டிருக்குன்னு சொல்லு" என்றார். என் கணவர் என்னிடம், "போட்டிருக்காம்" என்றார். மூவரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். பிள்ளையின் கையிலிருந்து ரத்தம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அப்போதும் அந்த மரியாதை எங்களை விடவில்லை.

"பல்லு பட்டுக்கினு கீது, அவ்ளோதான்," என்றார் மூத்தார். "மஞ்சா வெச்சு கட்டச் சொல்லு. பாலசமுத்திரம் பக்கம் ஒருத்தர் பச்சிலை குடுக்கறாரு. அத்த முழுங்கிட்டு உப்பில்லாம துன்னா சரியாப் பூடும். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி மேல ஊசி போட்டு ஒடம்பைக் கெடுத்துடுவானுங்க."

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காயத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "குக்க எக்கட உந்தம்மா?" நாய் எங்கே இருக்கிறது? வீட்டில் இருக்கிறது என்றோம். கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கச் சொல்லுங்கள், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் பிள்ளைக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். தோளில் ஒன்று போட்டார். பிறகு காயத்தைச் சுற்றியும் குத்தினார். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அம்மா, டாலரை அவரு அடிக்கப் போறாரு, நைனாவை போன் பண்ணச் சொல்லு" என்றாள். அவள் கவலை அது. நாங்கள் வீடு திரும்புவதற்குள் மூத்தார் டாலரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் மூத்தார் தினமும் தம்பிக்குப் போன் செய்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை. ஊசி போட்டுக்கொண்டிருந்தால் பச்சிலை வேலை செய்யாதாம், ஊசியை நிறுத்தச் சொன்னார். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஜோரா கீது, கோழி துன்னுது" என்பார். என் கணவர் போனை வைத்துவிட்டு என் பக்கம் வருவார். "அண்ணன் சொல்றதும்... நம்ம பக்கத்துல எவ்ளோ பேரு அங்க போய் நல்லாயிருக்காங்க. மீதி ஊசியைக் கொஞ்சம் பார்த்துட்டு..." அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்னேன்: "பாதியில நிறுத்தினா என்னா ஆவும்னு நான் கிளாஸ்ல புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறேன். வந்துட்டா அந்த நோய்க்கு மருந்தே கெடையாது. ஒங்க அண்ணன் வந்து பொண்ணைத் திருப்பித் தருவாரா?" ஊசிக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன்.

ஒரு மத்தியானம் என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, போன் செய்தார். தறிக்கூடத்தின் பின்பக்கம் நின்று பேசினார் போலிருக்கிறது, சத்தத்தில் பாதிதான் கேட்டது. "பாப்பாவுக்கு ஊசி போடறதை நிறுத்திடாதம்மா. டாலருக்கு ஒரு ஊசியும் போடல. வூட்டை வுட்டு வெளிய போவாத நாய்க்கு எதுக்குன்னு வுட்டுட்டாரு. அன்னிக்கு உங்க வூட்லேர்ந்து வந்தாரே, நேரா விஜயபுரம் ரோட்டுல வயக்காட்டாண்ட அதை எறக்கி வுட்டுட்டுதான் வந்தாரு. கார்டு கேப்பாங்க, நாயைப் பாக்கணும்னு வருவாங்கன்னு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

கோழி தின்கிறது என்று அவர் தினமும் சொன்ன நாய் தெருவில் இருந்தது. அதற்கு நோய் இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் அவர் காரிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். கடித்தது நாய். நாய்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒரு மனிதர், தான் தூக்கி வளர்த்த தம்பி மகளின் உயிர் ஒரு பக்கம், ஊரில் தன் பேர் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்து, பேரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிச் சாப்பிட்டிருக்கிறார். மரியாதை மரியாதை என்று இத்தனை வருஷம் நான் கதவுக்குப் பின்னால் நின்றது இவருக்காகத்தான்.

மகளிடம் சொன்னதும் அவள் அழுதாள். தனக்காக இல்லை. பிறகு கட்டுப்போட்ட கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துத் திரும்பிய டாலரின் படத்தைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். நகரி, புத்தூர், விஜயபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அது போனது. கறுப்பு நாய்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தில் தாடை நரை அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்து, விஜயபுரம் பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருக்கும் ஒரு பெண் பேசினாள். "எங்க கடையாண்ட படுத்துக்கினு கீதும்மா. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணல. இட்லி போட்டா துன்னுது. சட்னி வெச்சா மொறைக்குது." பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் என் மகள் சிரித்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சொன்ன பத்து நாள் கெடு தாண்டியிருந்தது. டாலர் இளைத்திருந்தது, உயிரோடு இருந்தது, வாலை ஆட்டியது, எங்களோடு வீட்டுக்கு வந்தது. நோய் இருந்திருந்தால் இத்தனை நாள் தாங்கியிருக்காது, இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவும் சொன்னார். அறிவுக்கு அது புரிகிறது. ஆனாலும் மகள் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினால் நான் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அவள் தொண்டையைப் பார்க்கிறேன். விழுங்குகிறாளா, தடுமாறுகிறாளா. "அம்மா, பாக்காத," என்கிறாள். முடியவில்லை.

டாலர் எங்களிடம் இருப்பது மூத்தார் காதுக்குப் போனது. கடைசி ஊசியும் முடிந்த ஒரு சாயங்காலம் என் கணவரின் போன் அடித்தது. அவர் கடைக்குப் போயிருந்தார். நான் எடுத்து "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் தறிகள் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு குரல் வந்தது: "தம்பி இல்லையா? பாப்பா இருந்தா குடுக்கச் சொல்லு."

"நான்தான் இருக்கேன் மாமா. எங்கிட்ட சொல்லுங்க."

அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. அவர் எங்கோ பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்: "டாலரை அனுப்பி வைக்கச் சொல்லு. காலண்டருக்கு, வாட்ஸ்அப்ல வந்த அந்தப் படத்தையும். பிரஸ்காரன் கேக்கறான்."

"ரெண்டும் வராது மாமா. ரோட்டுல எறக்கிவுட்ட நாய் உங்க நாய் இல்ல. எம் பொண்ணு கைய நீங்க அன்னிக்குப் பார்த்ததோட சரி. இத்தனை போன் பண்ணீங்களே, அவ எப்படி இருக்கான்னு ஒருதரமாவது கேட்டீங்களா? இப்பக் கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதுகூட இருப்பேன். தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"தம்பி வந்தா எனக்குப் பேசச் சொல்லு," என்றார், சுவரிடம்.

"சொல்ல மாட்டேன் மாமா," என்றேன்.