அரிவாள் அறையின் சாவி

வாசகரே, உம்மைச் சாட்சியாக நிறுத்தியே இதை எழுதுகிறேன். பினாங்கில் வெள்ளையர் மட்டுமே ஆடிய கோல்ப் கிளப்பில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். நண்பகலில் வேலை முடிந்ததும் புல்வெட்டிகளின் அரிவாள்களை வாங்கி அறையில் பூட்டுவது என் பொறுப்பு. அன்று பிற்பகல், லாலான் புல்லுக்குள் விழுந்த பந்தைப் புல்லை அரிந்து தேடவென்று ஒரு துரை அந்தச் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். சற்று நேரத்தில் அவரோடு ஆடிய மற்றொரு துரை மணற்குழியில் வெட்டுண்டு இறந்து கிடந்தார். அருகில் கிடந்த அரிவாளுக்குரிய புல்வெட்டியைப் போலீசார் பிடித்துச் சென்றனர்.

சாவி வாங்கிய துரை என் மேசைமுன் வந்து அதை வைத்தார். அவருடைய வெள்ளைக் காற்சட்டை முழங்காலில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

“அறை பூட்டாமலே கிடந்தது, இல்லையா?”

கோயில் மேடைகளில் பேசிச் சபையை அடக்கிய நான், ஆமென்று தலையாட்டினேன்.

மாலையில் புல்வெட்டியின் மனைவி கிளப் வாசலில் என்னை மறித்தாள்.

“கிராணி ஐயா, போன வாரம் கோயில் மண்டபத்துல உண்மை, உண்மைன்னு முழங்குனீங்களே! நானுந்தான் கை தட்டுனேன். இப்ப எம் புருசனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

பின்னால் வராந்தாவில் அந்தத் துரை நின்றுகொண்டிருந்தார். மேடைத்தமிழ் வரவில்லை, வந்த தமிழில், அவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

“அழாதீங்கம்மா. சாவிய யார் கையில கொடுத்தேன்னு நாளைக்குக் கோர்ட்டுல நானே சொல்றேன்.”